எக்ஸ்-கதிர் கண்ணாடி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: ‘0.3 நானோமீட்டர்’ என்றால் எங்கே அளந்தது என்று கேளுங்கள்

எங்கள் ஆய்வகத்தின் சிறுகோணச் சிதறல் கருவிக்காக (மாதிரியில் பட்டு எக்ஸ்-கதிர் மிகச் சிறிய கோணங்களில் சிதறுவதை அளப்பது), கற்றையைப் பிரதிபலிக்கத் தங்கம் பூசிய கண்ணாடி ஒன்று வாங்கினோம். விற்றவர்கள் பெயரை எழுதப்போவதில்லை, ஆனால் அவர்கள் செய்தது நியாயமே இல்லை. மேற்பரப்பின் சொரசொரப்பு 0.5 நானோமீட்டர் ஆர்எம்எஸ்ஸுக்குக் (மேடுபள்ள உயரத்தின் ஒருவகைச் சராசரி) கீழே வேண்டும் என்று ஆர்டரில் எழுதியிருந்தோம், கூடவே வந்த அறிக்கையில் 0.3 என்று இருந்தது, நம்பிப் பொருத்திவிட்டோம்.

மாதிரி எதுவும் வைக்காதபோதே டிடெக்டரில் கற்றைக்கு மேலும் கீழும் வால் போல ஒரு கீற்று. ஸ்லிட்டை மாற்றினோம், வெற்றிடக் குழாயைக் கழற்றிப் பார்த்தோம், மூன்று வாரம் வீண். கடைசியில் கண்ணாடியை விலக்கி நேர்க்கற்றையைப் பார்த்தபோதுதான் வால் மறைந்தது. உரசினாற்போல் விழும் கதிர் சிதறும்போது பக்கவாட்டில் அவ்வளவாகப் பரவாது, விழும் தளத்திலேயேதான், அதாவது இங்கே மேலும் கீழுமாகத்தான், நீளும். அந்த வடிவத்தைப் பார்த்ததுமே கண்ணாடியைச் சந்தேகித்திருக்க வேண்டும்.

அப்புறம் அறிக்கையைத் திரும்ப எடுத்துப் படித்தால், அணுவிசை நுண்ணோக்கியில் 1 மைக்ரோமீட்டர் சதுரத்தை மட்டும் அளந்திருக்கிறார்கள். எங்கள் எக்ஸ்-கதிர் வருவது செம்புக் குழாயிலிருந்து, அலைநீளம் 0.154 நானோமீட்டர், விழும் கோணம் 0.3 டிகிரி. இதில் 10 மைக்ரோமீட்டருக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மேடுபள்ளம் கதிரைச் சுமார் 0.14 டிகிரி விலக்கிவிடும், அதாவது எங்கள் சிக்னல் வரும் இடத்திலேயே கொண்டுபோய்க் கொட்டும். அந்த மேடுபள்ளம் 1 மைக்ரோமீட்டர் சதுரத்துக்குள் எப்படித் தெரியும்?

வேறொரு இடத்தில், ஒளியைக் கொண்டு இன்னும் பெரிய பரப்பை அளக்கும் ஆப்டிகல் புரொஃபைலரில் அளந்தோம், 1.6 நானோமீட்டர். சிதறல் சொரசொரப்பின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும் என்பதால் இது ஐந்து மடங்கு வித்தியாசத்தோடு நிற்பதில்லை. 0.3 என்றால் எங்கள் கோணத்தில் கதிரில் 2 சதவீதம்கூடச் சிதறாது, 1.6 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

கேட்டதற்கு, “0.5-க்குக் கீழே கேட்டீர்கள், 0.3 கொடுத்தோம்” என்றார்கள். விடாமல் கேட்டபோது புரொஃபைலர் அளவீட்டையும் அனுப்பினார்கள். தேதியைப் பார்த்தால், கண்ணாடியை அனுப்புவதற்கு முன்பே எடுத்தது! தெரிந்தேதான் மறைத்திருக்கிறார்கள். பணம் திரும்பி வரவில்லை.

தயவுசெய்து ஆர்டரில் வெறும் ஆர்எம்எஸ் எண்ணை எழுதாதீர்கள், எந்த நீளத்திலிருந்து எந்த நீளம் வரையுள்ள மேடுபள்ளத்துக்கு அந்த எண் என்று எழுதுங்கள், எந்த நீள மேடுபள்ளம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் பிஎஸ்டி வரைபடமும் கேளுங்கள். எங்கள் அடுத்த ஆர்டரில் 1 மைக்ரோமீட்டர் முதல் 1 மில்லிமீட்டர் வரை என்று போட்டிருக்கிறோம், பாதிப் பணம் நாங்களே அளந்து பார்த்த பிறகுதான்.