வாட்டர் பாட்டிலா, டேங்கர் லாரியா, ஜெனரேட்டரா? கடலூர் வெள்ளத்துல பார்த்தத வச்சு ஒரு கணக்கு

புயல்னு நியூஸ் வந்தாலே வெளியூர் ஃப்ரெண்ட்ஸ் கேக்கற முதல் கேள்வி "எத்தனை கேஸ் வாட்டர் பாட்டில் அனுப்பட்டும்?"ங்கறதுதான். நல்ல மனசு, குறை சொல்லல. ஆனா 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் மூணையும் கடலூர்லயே இருந்து அனுபவிச்சவன், அதனால சொல்றேன்.

300 குடும்பம் இருக்கற ஊர்னு வைங்க, 1200 பேர். நிவாரண வேலைக்குனு இருக்கற ஸ்பியர் அளவுகோல் படி ஆளுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 15 லிட்டர் வேணும், குடிக்க சமைக்க கைகால் கழுவ எல்லாம் சேர்த்து. மொத்தம் 18,000 லிட்டர், அதாவது தினமும் 20 லிட்டர் கேன் 900! பாட்டில்ல இத யோசிக்கவே முடியாது. குடிக்க மட்டும் 3 லிட்டர்னு வச்சாலும் ஒரு லிட்டர் பாட்டில் 3600, மறுநாள் அத்தனை காலி பாட்டிலும் வாய்க்கால அடைச்சுக்கிட்டு நிக்கும்.

அதுக்காக பாட்டிலே வேணாம்னு இல்ல. சாத்தனூர் அணை தண்ணி பெண்ணையாத்துல வந்து கடலூர் பக்கத்து கிராமங்களான நாணமேடு, உச்சிமேட்ட சூழ்ந்த மாதிரி நேரத்துல லாரி எங்க போகும்? படகுலதான் போகணும், அப்ப பாட்டில்தான் கதி. முதல் ரெண்டு நாளைக்கு ஓகே, அதுக்கு மேல காசு வேஸ்ட்.

டேங்கர் லாரி 12,000 லிட்டர் புடிக்கும், ரெண்டு நடை அடிச்சா ஊர் முழுக்க ஆச்சு. பிரச்சனை லாரி வந்ததுக்கு அப்புறம்தான். எங்க தெருவுல ஒரு தடவை நைட்டு பதினொன்றுக்கு வந்து நின்னான், குடம் வச்சிருந்தவங்களுக்கு கிடைச்சுது, வெள்ளத்துல குடத்தையே விட்டவங்க என்ன பண்ணுவாங்க, வயசானவங்க எப்படி ஓடுவாங்க, அதுல ரெண்டு பொம்பளைங்களுக்குள்ள அடிதடி வேற. ஒரு சின்டெக்ஸ் டேங்க் வச்சு அடியில குழாய் போட்டு லாரிய அதுல ஊத்த சொல்லிட்டா பாதி சண்டை தீரும். 250 பேருக்கு ஒரு குழாய், அவ்ளோதான் கணக்கு.

என்னைய கேட்டா என் ஓட்டு ஜெனரேட்டருக்கு. தானே புயல் அப்ப பல ஊர்ல போர்வெல்ல தண்ணி இருந்துச்சு, டேங்க் இருந்துச்சு, குழாயும் இருந்துச்சு, கரன்ட்தான் இல்ல. கம்பம் எல்லாம் சாஞ்சு கிடந்துச்சு, நாள் கணக்குல வாரக்கணக்குல இருட்டு. கல்யாணத்துக்கு லைட் போடறவங்ககிட்ட ஜென்செட் வாடகைக்கு எடுத்து பஞ்சாயத்து மோட்டார ஓட்டினா 30,000 லிட்டர் டேங்க் ரொம்பிடும், ஒரே ஜென்செட்ட அப்படியே அடுத்த ஊருக்கும் தூக்கிட்டு போலாம். ஒண்ணு மட்டும் கவனிங்க, மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரன்ட் இழுக்கும், சின்ன ஜென்செட்ட கொண்டு வந்து "ஓடலையேப்பா"னு நிக்காதீங்க.

வெள்ளத்துல போர் முழுகி இருந்தா முதல்ல வர்ற தண்ணிய வெளிய விட்டுட்டு அப்புறம்தான் டேங்க்ல ஏத்தணும். பிளீச்சிங் பவுடர் சாதாரண நாள்லயே 1000 லிட்டருக்கு 2.5 கிராம், வெள்ளத்தப்ப கூடவே போடணும். மூட்டைய பிரிச்சு வச்சா வீரியம் போயிடும், பழைய பவுடர எவ்ளோ கொட்டினாலும் பேருக்குத்தான். கடைசி வீட்டு குழாய்ல தண்ணி புடிச்சு, குளோரின் டெஸ்ட் பண்ற சொட்டு மருந்த அதுல விட்டு பாக்கணும், மஞ்சள் ஏறினாத்தான் குளோரின் அங்க வரைக்கும் வந்துருக்குனு அர்த்தம்.

குளோரின் மாத்திரை வீட்டுக்கு வீடு கொடுக்க ஈஸி. ஆனா கலங்கின தண்ணில போட்டா அழுக்கே குளோரின தின்னுடும், வேட்டிய நாலா மடிச்சு வடிகட்டி தெளிய வச்சு போட்டு அரை மணி நேரம் விடணும். வாடை அடிக்குதுனு நம்ம ஆளுங்க மாத்திரைய தூக்கி போட்டுடறாங்க, அதான் உண்மை. காய்ச்சறது நல்லதுதான், காஞ்ச விறகு எங்க இருக்கு? அப்புறம் சுனாமில கடல் தண்ணி உள்ள வந்து கிணறெல்லாம் உப்பாச்சே, அந்த உப்ப மாத்திரையும் எடுக்காது காய்ச்சினாலும் போவாது, அங்க லாரி மட்டும்தான்.

கக்கூஸ் விஷயத்த யாரும் பேச மாட்டேங்கறாங்க. முகாம்னு ஸ்கூல்ல 400 பேர தங்க வச்சா, 20 பேருக்கு ஒண்ணுனு 20 கக்கூஸ் வேணும், ஆரம்பத்துல 50 பேருக்கு ஒண்ணுனு பார்த்தாலும் 8. குழி தோண்டலாம்னா கடலோரத்துல ரெண்டு அடியிலயே தண்ணி ஊறுது, குழியில விழற கழிவு நேரா பக்கத்து கைபம்புக்குத்தான் போகும். வண்டி கக்கூஸ் பாக்க அழகா இருக்கும், தினம் கழிவு எடுக்க லாரி வரலைனா மூணாவது நாள் யாரும் கிட்ட போக முடியாது. அதுக்கு ஸ்கூல்ல ஏற்கனவே இருக்கறத சரி பண்ணி, செப்டிக் டேங்க உறிஞ்சி எடுத்து, தண்ணிக்கு ஒரு டிரம் வச்சா சீக்கிரம் முடியும். ஒரு முகாம்ல ஒரு அக்கா சாயங்காலம் நாலு மணிக்கு மேல தண்ணியே குடிக்க மாட்டாங்க, ஏன்னு கேட்டா "நைட்டு அந்தப்பக்கம் லைட்டு இல்ல தம்பி, கதவுக்கு தாப்பாளும் இல்ல"ன்னாங்க. பக்கத்துலயே நாங்க இறக்கின பாட்டில் கேஸ் பிரிக்காம அடுக்கி இருந்துச்சு.