எல்டாப்பில் எதைப் பதிவு என்று எண்ணுவது?

எல்டாப் (LDAP) என்பது, பயனர்கள் போன்ற விவரங்களை மர வடிவில் அடுக்கி வைத்திருக்கும் டைரக்டரி சர்வரிடம் தேடிக் கேட்பதற்கான நெறிமுறை. பழைய டைரக்டரி சர்வரிலிருந்து புதியதற்கு மாறும்போது ஒருமுறை எனக்குக் கணக்கு இடித்தது. டம்ப்பில், அதாவது சர்வரிலிருந்து எடுத்த முழுத் தரவு நகலில், இருந்ததைவிடத் தேடலில் வந்தவை குறைவு. தரவு போய்விட்டதோ என்று பதறினேன். ஒன்றும் போகவில்லை, நான் எண்ணிய முறைதான் தவறு.

பலரும் பின்பற்றுவது எளிய வழி: தேடினால் வருவதெல்லாம் பதிவு (என்ட்ரி). இன்னொன்று தரநிலையின் வழி. எக்ஸ்.500 என்ற டைரக்டரித் தரநிலையின் மாதிரியை எல்டாப்புக்கு எடுத்துச் சொல்லும் ஆர்எஃப்சி 4512 (ஆர்எஃப்சி என்பது இணையத் தரநிலை ஆவணம்), பதிவுகளை மூன்றாகப் பிரிக்கிறது: ஒரு ஆளையோ பொருளையோ குறிக்கும் ஆப்ஜெக்ட் பதிவு, அதற்கு வேறு பெயர் தரும் அலியாஸ், நிர்வாகத் தகவல் தாங்கும் சப்என்ட்ரி.

ஆப்ஜெக்ட் பதிவில் இரண்டு வழியும் ஒத்துப்போகும். சிக்கல் அலியாஸில் தொடங்குகிறது. அலியாஸைப் பின்தொடராதே என்று கேட்டால் அது தனிப் பதிவாகவே வரும். பின்தொடரச் சொன்னால் அது காட்டும் பதிவு வரும், அலியாஸ் வராது. அந்தப் பதிவு ஏற்கெனவே பட்டியலில் இருந்தால் சர்வர் இரட்டிப்பை நீக்கிவிடுவதே முறை. ஒரே மரம், இரண்டு எண்ணிக்கை!

சப்என்ட்ரி இன்னும் நுட்பமானது. சப்என்ட்ரிகளுக்கான ஆர்எஃப்சி 3672-ஐப் பின்பற்றும் சர்வரில் மரம் முழுக்கத் தேடினால் அது கண்ணில் படாது. அதன் பெயரையே அடித்தளமாகக் கொடுத்துக் கேட்டால் வரும். கோரிக்கையோடு கூடுதலாக அனுப்பும் குறிப்புக்குக் கன்ட்ரோல் என்று பெயர்; சப்என்ட்ரி கன்ட்ரோலை இயக்கினாலோ சப்என்ட்ரிகள் மட்டும் வரும், மற்றவை மறைந்துவிடும். 'வருவதே பதிவு' என்ற வழி என்னைக் கைவிட்டது இங்கேதான்.

வேறு சர்வரைக் காட்டும் ரெஃபரல் பொருளும் அப்படித்தான். சாதாரணத் தேடலில் அது பதிவாக வராமல் 'அங்கே போய்க் கேள்' என்ற சுட்டியாக வரும். ரெஃபரலையும் சாதாரணப் பதிவாக நடத்தச் சொல்லும் மேனேஜ் டிஎஸ்ஏ ஐடி (ManageDsaIT) கன்ட்ரோல் இருந்தால்தான் பதிவாகக் கிடைக்கும்.

சரி, மரத்தின் வேரில் இருக்கும் ரூட் டிஎஸ்இ (root DSE)? வெற்றுப் பெயரில் கேட்டால் தேடல் முடிவாகவே வரும். ஆனால் சர்வர் தன்னைப் பற்றித் தருகிற தகவல் அது. வேரிலிருந்து மரம் முழுக்கத் தேடினால் அதைச் சேர்க்கவே கூடாது என்கிறது தரநிலை. அதனால் என் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை.

அன்றாடப் பயனர் தேடலுக்கு முதல் வழி போதும். சர்வர் மாற்றம், பேக்கப் சரிபார்ப்பு என்றால் நான் தரநிலையின் பக்கம்தான். அலியாஸைப் பின்தொடராமல், மேனேஜ் டிஎஸ்ஏ ஐடியுடன் ஒரு தேடல். அப்புறம் சப்என்ட்ரிகளுக்குத் தனியாக ஒன்று. இரண்டையும் கூட்டித்தான் டம்ப்போடு ஒப்பிடுகிறேன்.