இ.பி.எஸ்.-95 ஓய்வூதியம்: சேவை தேறிவிட்டது, தொகைதான் தேறவில்லை

பி.எஃப். சந்தா கட்டும் தனியார் ஊழியருக்கு 1995 நவம்பர் முதல் உள்ள ஊழியர் ஓய்வூதியத் திட்டம் (இ.பி.எஸ்.) இது. முதலாளி தரும் பங்கிலிருந்து, சம்பளத்தின் 8.33% இதற்குப் போகிறது. சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய் என்பதால் பெரும்பாலோருக்கு மாதம் 1,250 ரூபாய்தான் சேரும். சம்பளம் 60,000 ஆனாலும் கணக்கு அதே கணக்குதான்.

கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 20 ஆண்டு முடித்தால் 2 ஆண்டு போனஸ்: 15,000 × 22 ÷ 70 = 4,714 ரூபாய். அகவிலைப்படி கிடையாது. 58 வயதில் வாங்கும் அதே தொகைதான் 78-லும். 2014-இல் வைத்த 1,000 ரூபாய் குறைந்தபட்சத்தில் இன்று ஒரு மாத மருந்துச் சீட்டைக்கூடச் சமாளிக்க முடியாது. சீர்திருத்தம் முதலில் தொட வேண்டியது உச்சவரம்பையும் விலைவாசி இணைப்பையும்தான்.

சேவை பரவாயில்லை. 2025 ஜனவரி முதல் எந்த வங்கிக் கிளையிலும் பணம் வாங்கலாம். உயிர்வாழ் சான்றை முகம் காட்டிக் கைப்பேசியிலேயே தரலாம்.

ஓய்வூதியம் கேட்கும் 10டி படிவம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: ஆதாரோடு ஒத்துப்போகாத பெயர் அல்லது பிறந்த தேதி, பழைய நிறுவனம் பதியாமல் விட்ட விலகல் தேதி. இரண்டையும் 58-க்கு ஓராண்டு முன்பே சரிசெய்துவிடுங்கள். அவசரப்பட்டு 50 வயதிலேயே கேட்டால், குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4% வெட்டு. அது ஆயுளுக்கும் நீடிக்கும்.