டகோமாவில் முன்பக்கம் தூக்கி, ஷாக் மாற்றி நாலு வருஷம் ஓட்டிய அனுபவம்

என்னுடையது 2017 டொயோட்டா டகோமா பிக்கப், எஸ்ஆர்5, வி6, ஃபோர் வீல் டிரைவ். அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸில் இருக்கிறேன். வாரநாளில் ஃப்ரீவே, லீவு நாளில் செடோனா, ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் மண் ரோடு, அவ்வப்போது பின்னால் ஒரு சின்ன டிரெய்லர். என் கருத்தெல்லாம் இந்தப் புழக்கத்தை வைத்துத்தான்.

பிக்கப் என்றாலே கம்பெனியிலிருந்து வரும்போது பின்பக்கம் தூக்கலாகத்தான் இருக்கும். சுமை ஏற்றினால் பின்பக்கம் இறங்கி வண்டி மட்டமாக வேண்டுமே, அதற்காக. காலி வண்டி மூக்கைத் தாழ்த்தி நிற்பது பிடிக்காமல்தான் முக்கால்வாசிப் பேர் லெவலிங் (முன்பக்கத்தைத் தூக்கி மட்டமாக்குவது) செய்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய தொந்தரவு வேறு: செடோனாவின் ஷ்னெப்லி ஹில் ரோட்டில் அடித்தகடு பாறையில் உரசியது, பழைய ஷாக்கும் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) தளர்ந்துபோய், ஒரு பள்ளத்தில் இறங்கினால் மூக்கு இரண்டு மூன்று தடவை ஆடித்தான் அடங்கியது.

வேலை தொடங்குமுன் அளந்துவிடுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று குறைந்தால் கணக்கே மாறிவிடும். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, நாலு பக்கமும். டகோமா வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று இதில் வெளிப்படும்: டிரைவர் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். பெட்ரோல் டேங்க்கும் டிரைவரும் ஒரே பக்கம் என்பதால் வரும் வினை. என் வண்டியில் அரை இஞ்ச் வித்தியாசம். முன்பக்கம் இரண்டையும் ஒரே அளவு தூக்கினால் அந்தச் சாய்வும் கூடவே வரும்.

தூக்க வழி மூன்று. மலிவானது, ஷாக்கின் தலையில் வைக்கும் ஸ்பேசர் என்ற இடைத்துண்டு. ஸ்பிரிங் மேல் கை வைக்காமலே மாட்டிவிடலாம். ஆனால் இது ஷாக் அசெம்பிளி முழுவதையும் கீழே தள்ளுகிறது. சக்கரம் முழுசாகத் தொங்கும்போது பால் ஜாயின்ட்டும் (ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸிலும் கம்பெனி நினைத்ததைவிடக் கூடுதலாக வளையும். இரண்டாவது, பில்ஸ்டீன் கம்பெனியின் 5100 மாதிரி உயரம் மாற்றக்கூடிய ஷாக். ஷாக்கின் உடம்பில் சில காடிகள் (சுற்றிவரும் பள்ளக் கோடுகள்) இருக்கும். எந்தக் காடியில் வளையத்தை மாட்டுகிறோமோ அங்கேதான் ஸ்பிரிங் தட்டு உட்காரும். ஷாக்கின் நீளம் மாறாது. வண்டி உயர்ந்த அளவுக்குச் சக்கரம் கீழே இறங்கும் தூரம் மட்டும் குறையும். மேல் காடிக்குப் போகப்போக, ஸ்பீட் பிரேக்கர் தாண்டியதும் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். ஷாக் முழுசாக நீண்டு முட்டுகிற சத்தம் அது. மூன்றாவது, ஸ்பிரிங்கையே கனமாக மாற்றுவது. இரும்பு பம்பர், வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் கம்பிச் சுருள்) மாட்டியிருப்பவர்களுக்கு இதுதான் சரி. முதல் வழியையும் இரண்டாவதையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம்.

நான் முன்னால் 5100 போட்டு, பழைய ஸ்பிரிங்கையே வைத்து, நடுக் காடியில் ஒன்றே முக்கால் இஞ்ச் அளவுக்கு நிறுத்தினேன். டிரைவர் பக்க ஸ்பிரிங்கில் கால் இஞ்ச் ஸ்பேசர் ஒன்று கூடுதல். சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மின் நெம்புகோல் கணக்கால் அந்தக் கால் இஞ்ச் சக்கரத்தில் ஏறக்குறைய அரை இஞ்சாகிறது, சாய்வு போய்விட்டது. பின்பக்கமும் 5100தான். முன்னால் மட்டும் மாற்றிவிட்டுப் பின்னால் பழசை விடுவதில் அர்த்தமில்லை. ஸ்பிரிங் அமுக்கும் வேலையைக் கடையில் கொடுத்துவிடுங்கள். நழுவினால் உயிருக்கே ஆபத்து. கீழ் ஆர்ம் போல்ட்டுகளை வண்டி தரையில் நின்ற பிறகு இறுக்கச் சொல்லுங்கள். தூக்கி வைத்திருக்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டில்தான் தலைவலி. முதலில் போன கடையில் எல்லாம் பச்சையில் இருக்கிறது என்று அனுப்பினார்கள். ஃப்ரீவேயில் வண்டி வலதுபக்கம் இழுத்தது. பிரின்ட் எடுத்த காகிதத்தைப் பார்த்தால், காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) இரண்டு பக்கமும் அனுமதித்த அளவுக்குள்தான், ஆனால் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரி வித்தியாசம். முன்பக்கம் தூக்கினால் காஸ்டர் குறையும். ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணமும் கூடவே குறையும். அதனால் "டோ (சக்கரம் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் அளவு) மட்டும் பார்த்தால் போதாது, காஸ்டரை முடிந்தவரை கூட்டி இரண்டு பக்கமும் சமமாக வையுங்கள்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். வேறொரு கடையில் அப்படிச் செய்ததும் சரியானது. பனிக்கு உப்புத் தூவும் ஊர்க்காரர்கள், இந்தக் கோணத்தை மாற்றும் கேம் போல்ட் துருப்பிடித்து அசையாமல் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும் அனுபவம்? 5100 மெத்தை மாதிரி ஷாக் இல்லை. நகரத்தில் சின்னச் சின்ன ஒட்டுப்போட்ட இடங்கள் சீட்டில் தெரியும். வேகம் கூடக்கூட இதன் அருமை தெரியும். ஐ-17 ஃப்ரீவே வளைவுகளில் உடம்பு சாய்வது குறைந்தது, பிரேக் பிடித்தால் மூக்கு குத்துவதும் குறைந்தது. அலையலையான மண் ரோட்டில் வெகுநேரம் ஓட்டினாலும் பிடி தளரவில்லை. மோனோடியூப் (ஒற்றைக் குழாய்) ஷாக் என்பதால் ஆயிலும் நைட்ரஜனும் கலக்காமல் தனித்தனியே இருக்கின்றன. ஆயில் நுரைத்துப்போகும் தொல்லை குறைவு. மனைவிக்கு மட்டும் பழைய மென்மைதான் பிடித்திருந்தது. மாலுக்கும் ஆபீசுக்கும் மட்டும் ஓட்டுபவருக்கு நானும் அதையேதான் சொல்வேன்.

முழு மட்டமாக்காமல் பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக விட்டது டிரெய்லர் மாட்டியபோது கைகொடுத்தது. இரண்டரை இஞ்ச் தூக்கிய நண்பரின் வண்டி, சுமை ஏறினால் வானத்தைப் பார்க்கிறது. எதிரே வருபவர் லைட் அடித்துத் திட்டுகிறார். எத்தனை தூக்கினாலும் ஹெட்லைட்டை இறக்கிச் சரிசெய்ய மறக்காதீர்கள். 2018 அல்லது அதற்குப் பிந்தைய டகோமா என்றால் கிரில்லில் ரேடாரும் முன் கண்ணாடியில் கேமராவும் உண்டு, அவற்றையும் சரிபார்க்க வேண்டும்.

இன்றுவரை நாலு ஷாக்கிலும் ஆயில் கசிவு இல்லை. ஆக்ஸிலின் ரப்பர் உறையை (பூட்) ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், கிரீஸ் தெறிக்கவில்லை. அடுத்த செலவு பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குக்குத்தான். சுமை ஏறினால் கொஞ்சம் அதிகமாகவே தொய்கிறது. ஒரு பட்டை கூட்டலாமா, ஸ்பிரிங்குக்கு உதவியாகக் காற்றுப் பை வைக்கலாமா என்று விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.