கல், கையுறை, கூலியாள்: சிறிய தோட்ட நிறுவனம் நவீன அடிமைத்தனத்தைத் தடுக்க எந்த வழி உதவும்?

பிரிட்டனில் வீட்டுத் தோட்டம் அமைத்துத் தரும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். முதலாளியையும் சேர்த்துப் பத்துப் பேருக்குள், இரண்டு வேன், கோடையில் மட்டும் சில தினக்கூலி ஆட்கள். அவர்கள் முற்றத்தில் பதிக்கும் மணற்கல் ராஜஸ்தானிலிருந்து வருகிறது. தொட்டிமண்ணில் கலக்கும் தென்னைநார்த் துகள் பொள்ளாச்சியிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறது. கையுறை மலேசியாவில் செய்ததாக இருக்கலாம், சூரிய விளக்கு அநேகமாகச் சீனா. செடி மட்டும் பக்கத்து நர்சரியில் வாங்கியது. ஆனால் அந்த நர்சரியில் நாற்று எடுப்பவர், எங்கோ மத்திய ஆசியாவிலிருந்து ஏஜென்டுக்குப் பணம் கட்டி ஆறு மாத விசாவில் வந்தவராக இருக்கலாம்.

பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டம், ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களிடம்தான் வருடாந்திர அறிக்கை கேட்கிறது. நம் தோட்டக்காரர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்கூட வரமாட்டார். ஆனாலும் உள்ளாட்சி மன்றமோ பெரிய கட்டுமான நிறுவனமோ வேலை கொடுக்கும்போது, "உங்கள் விநியோகச் சங்கிலியில் என்ன நடவடிக்கை எடுத்திருக்கிறீர்கள்?" என்று ஒரு படிவம் வந்துவிடும். அப்போது அவர் முன் பொதுவாக நான்கு வழிகள் வைக்கப்படுகின்றன: கொள்கை அறிக்கை எழுதுவது, தொழிலாளர் நலச் சான்று முத்திரை பெற்ற பொருளை மட்டும் வாங்குவது, ஆபத்தான பொருளை அடியோடு விடுவது, அல்லது ஒரே இறக்குமதியாளரோடு நின்று கேள்வி கேட்பது.

நான் நான்கையும் ஒரே அளவுகோலால் பார்க்கிறேன். அந்தப் பக்கம் வேலை செய்பவரின் கடனை இது தொடுகிறதா? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டின்படி 2021இல் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்தார்கள். அவர்களில் மிகப் பலரைக் கட்டிவைப்பது சங்கிலி அல்ல, முன்பணம்.

அறிக்கை எழுதும் வழியை நீட்டிப் பேச ஒன்றுமில்லை. செலவு குறைவு, ஒரு மதிய வேளையில் முடிந்துவிடும். மேலே சொன்ன சட்டத்திலேயே ஒரு வினோதம் உண்டு: பெரிய நிறுவனம்கூட "நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை" என்று எழுதி இயக்குநர் கையெழுத்திட்டால் சட்டப்படி அது அறிக்கைதான். இணையத்தில் நகலெடுத்த இரண்டு பக்கத்தை வைத்துக்கொண்டு சிறு நிறுவனம் எதையும் தடுக்கப்போவதில்லை. தன் ஊழியர்கள் சந்தேகப்படும்படி எதையாவது கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற ஒரு பத்தி அதில் இருந்தால், அந்தப் பத்திக்கு மட்டும் மதிப்பு உண்டு.

முத்திரை விஷயம் அவ்வளவு எளிதல்ல. அதைப் புரிந்துகொள்ளக் கல் வரும் வழியைப் பார்க்க வேண்டும். ராஜஸ்தானின் கோட்டா, பூந்தி பகுதிகளில் குவாரியில் வெட்டிய மணற்கல்லை ஆட்கள் உளி வைத்துப் பலகைகளாகப் பிளக்கிறார்கள். அது பட்டறைக்குப் போய், அறுத்து, விளிம்பு தட்டி, பெட்டியில் அடுக்கப்பட்டு, ஏற்றுமதியாளர் வழியாகக் குஜராத் துறைமுகங்களுக்குப் போகிறது. பிரிட்டிஷ் கடைகளில் ஒரு சாம்பல் கல்லுக்குக் 'காண்ட்லா கிரே' என்று துறைமுகத்தின் பெயரே நிலைத்துவிட்டது. ஆய்வாளர் வந்து பார்ப்பது பெரும்பாலும் பட்டறையை. அங்கே வருகைப் பதிவேடு இருக்கும், தலைக்கவசம் இருக்கும், தீயணைப்பான் இருக்கும்.

நடைபாதைக்கான சிறு கனசதுரக் கற்களின் கதை வேறு. புத்புரா போன்ற ஊர்களில் குவாரிக் கழிவுக் கல்லை வீட்டு வாசலிலோ சாலை ஓரத்திலோ போட்டுக் குடும்பமாக உட்கார்ந்து தட்டுகிறார்கள். எண்ணிக்கைக்குக் கூலி. எண்ணிக்கைக் கூலி என்றால் பதிவேடு இல்லை, பதிவேடு இல்லையென்றால் குழந்தை தட்டிய கல்லுக்கும் தாய் தட்டிய கல்லுக்கும் கணக்கில் வித்தியாசம் கிடையாது. பட்டறை ஆய்வு எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் இந்த வாசல் அதன் எல்லைக்கு வெளியே.

சான்றிதழ் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குத் துணித் தொழிலில் கசப்பான உதாரணம் இருக்கிறது. கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலை எஸ்ஏ8000 என்ற சர்வதேசத் தொழிலாளர் நலச் சான்றிதழைப் பெற்ற சில வாரங்களில், 2012 செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே முத்திரையைப் பார்த்ததும் திருப்தி அடையாமல், "இது குவாரி வரை போகிறதா, பட்டறையோடு நின்றுவிடுகிறதா? சொல்லாமல் போய்ப் பார்க்கிறார்களா?" என்று கேட்க வேண்டும். ஸெர்டிஃபிக்ஸ் போல இயற்கைக் கல்லுக்கென்றே ஜெர்மனியில் உருவான முத்திரைகள் இந்தக் கேள்விகளை ஏற்றுக்கொண்டு தொடங்கியவை. பொதுவான ஆய்வுச் சான்றிதழைவிட இவை மேல் என்பேன். பதில் இல்லாத முத்திரைக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

அப்படியானால் இந்தியக் கல்லையே விட்டுவிடலாமே? பலர் முதலில் சொல்வது இதைத்தான். யார்க்ஷயர் கல் இருக்கிறது, பழைய தெருக்களிலிருந்து பெயர்த்தெடுத்த கல் இருக்கிறது, கான்கிரீட் இருக்கிறது, போர்சலின் என்ற பீங்கான் ஓடு இருக்கிறது. இதில் போர்சலினை மட்டும் சற்றுச் சந்தேகத்தோடு பாருங்கள். அது இத்தாலியிலிருந்தும் வரும், குஜராத்தின் மோர்பியிலிருந்தும் வரும். மோர்பியானால் தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா தூசு கூடவே வரும் பிரச்சினை. யார்க்ஷயர் கல்லின் விலையோ சாதாரண வீட்டுக்காரரை ஓடவைத்துவிடும்.

விட்டுவிடுவதால் குவாரித் தொழிலாளியின் கடன் அடைவதும் இல்லை. அந்தக் கடன் எப்படி வளர்கிறது என்று பாருங்கள். வேலைக்குச் சேரும்போது முன்பணம் வாங்குகிறார், அங்கே அதற்குப் பேஷ்கி என்று பெயர். உலர்ந்த கல்லைத் துளையிடும் தூசு நுரையீரலில் தங்கி, சில ஆண்டுகளில் சிலிக்கோசிஸ் வருகிறது. மருத்துவத்துக்கு மறுபடியும் கடன். அவர் இறந்தபின் மனைவியும் பிள்ளைகளும் அதே குவாரியில் அதைக் கழிக்க இறங்குகிறார்கள். இந்தியாவின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே இத்தகைய கடனைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. பரிதாபாத் கல்குவாரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் தொழிலாளர் பக்கம் நின்றது. சட்டம் இருக்கிறது, குவாரிக்குள் அதைக் கொண்டுபோக ஆள் வேண்டும்.

இங்கேதான் நான்காவது வழி கைகொடுக்கிறது. கிடைக்கிற கடையில் மலிவாக வாங்குவதை நிறுத்தி, ஒரே இறக்குமதியாளரிடம் நிற்பது. அவரிடம் கேட்க வேண்டியவை பெரிய தத்துவங்கள் அல்ல. கல் எந்தக் குவாரியிலிருந்து வந்தது? குத்தகை யார் பெயரில்? துளையிடும்போது தண்ணீர் ஊற்றுகிறார்களா? கூலி நாளுக்கா, எண்ணிக்கைக்கா? முன்பணத்தைக் கூலியில் எப்படிக் கழிக்கிறார்கள், அதற்குச் சீட்டு உண்டா? தண்ணீர் ஊற்றுவதைப் படத்தில் பார்த்துவிடலாம் என்பதால் அது எனக்குப் பிடித்த கேள்வி. தூசு அடங்கினால் நோய் குறையும், நோய் குறைந்தால் கடனின் ஒரு வேர் போகும்.

இந்த வழியின் பலவீனமும் தெரிந்ததுதான். வருடத்துக்கு நாலு லாரிக் கல் வாங்குபவர் கேட்டால் இறக்குமதியாளர் ஏன் பதில் சொல்ல வேண்டும்? ஒருவர் கேட்டால் சொல்லமாட்டார். அதே ஊரில் உள்ள ஏழெட்டுத் தோட்டக்காரர்கள் ஒரே கேள்வியை எழுதிக் கேட்டால் சொல்லுவார். அதோடு, பருவத் தொடக்கத்திலேயே அளவைச் சொல்லிவிட்டு, பணத்தை நாள் தவறாமல் கொடுத்தால் பேச்சுக்குக் கொஞ்சம் எடை கூடும். நாளைக்கே கல் வேண்டும் என்று அவசரப்படுத்தும் ஆர்டர்தான் பட்டறையிலிருந்து வாசல் திண்ணைக்கு வேலையைத் தள்ளுகிறது.

ஆகவே என் தேர்வு பொருளுக்குப் பொருள் மாறும். பலகைக் கல்லுக்கு நான்காவது வழி. கனசதுரக் கல்லுக்கு மூன்றாவது, அதாவது புதிதாக வாங்காமல் பழைய பிரிட்டிஷ் தெருக் கற்களையே தேடுவது. சூரிய விளக்குக்கும் மூன்றாவதுதான். அதன் தகட்டுக்கான பாலிசிலிக்கானில், கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டுக்கு உள்ளான சீனாவின் ஷின்ஜியாங் பகுதியின் பங்கு பெரிது, அங்கே சுதந்திரமாகப் போய் விசாரிக்கவே வழியில்லை. குறைந்த மின்னழுத்தக் கம்பி விளக்கு போட்டால் வேலை முடிந்தது. கையுறைக்கு, ஆள் சேர்ப்புக் கட்டணத்தை முதலாளியே ஏற்கிறாரா என்ற ஒரு கேள்வி போதும். மலேசியாவின் டாப் குளோவ் நிறுவனத்தின் கையுறைகளை 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தபின், தொழிலாளர்கள் கட்டிய கட்டணத்துக்காக அந்நிறுவனம் 13 கோடி ரிங்கிட்டுக்கு மேல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அந்தத் தடை தொழிலாளர் கடனை நேராகத் தொட்டது. ஆனால் அது ஒரு நாட்டின் சுங்கத்துறைக்கு இருக்கும் பலம், நம் தோட்டக்காரருக்கு இல்லாதது.

அவருக்கு முழுப் பலம் இருக்கும் இடம் ஒன்றுதான்: தன் வேனில் ஏறும் தினக்கூலி ஆள். மேலே சொன்ன நான்கு வழிகளும் தூர தேசத்தையே பார்ப்பதால் இதைத் தவறவிடுகின்றன. 2004 பிப்ரவரியில் மோர்க்கம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் கடல் ஏறி மூழ்கி இறந்தார்கள். ஆட்களை அனுப்பிய தரகனுக்குப் பிரிட்டனில் அப்போது உரிமம்கூடத் தேவைப்படவில்லை. அதன்பின் விவசாயத்துக்கும் தோட்டப் பயிருக்கும் ஆள் தருபவர்களுக்கு உரிமம் கட்டாயமானது. நர்சரியில் செடி வாங்கும்போது, ஆட்களை யார் தருகிறார் என்று கேட்டு உரிமப் பட்டியலில் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

தன் ஆட்கள் விஷயத்தில் தோட்டக்காரர் பார்க்க வேண்டியது இன்னும் எளிது. நாலு பேருக்கான கூலியை ஒருவனே ரொக்கமாகக் கேட்கிறானா? இரண்டு மூன்று பேர் ஒரே வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுக்கிறார்களா? பாஸ்போர்ட் "அண்ணனிடம்" இருக்கிறதா? கேள்வி கேட்டால் ஒருவன் மட்டும் எல்லோருக்காகவும் பதில் சொல்கிறானா? கங்காணி முறையில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கதை தெரிந்த நமக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. அங்கே தொழிலாளியின் கடனை எழுதிய துண்டுச்சீட்டோடு ஆளையே தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினார்கள். 1921 வரை அது நடந்தது. ஒவ்வொருவர் கூலியையும் அவரவர் பெயரில் உள்ள கணக்கிலேயே போடுவது என்ற ஒற்றை விதி, எல்லாக் கொள்கை அறிக்கைகளையும்விட வேலை செய்யும். சந்தேகம் வந்தால் அந்த ஆள்தரகனிடம் நேரே சண்டைக்குப் போகக் கூடாது, அடி விழுவது தொழிலாளிக்கு. பிரிட்டனில் நவீன அடிமைத்தன உதவி எண் 08000 121 700.

அப்புறம் தென்னைநார்த் துகள். தொட்டிமண்ணில் கலக்கும் சதுப்புக் கரியை (பீட்) தோண்டி எடுப்பதற்கு எதிர்ப்பு வளர்ந்ததால் பிரிட்டிஷ் தோட்டங்களில் இதன் தேவை கூடியிருக்கிறது. பொள்ளாச்சி வட்டாரத்தில் மில் நடத்துபவர்களிடம் இதுவரை உப்பு அளவையும் கட்டியின் எடையையும் கேட்ட வாடிக்கையாளர்கள், இனி வடமாநிலத் தொழிலாளியின் ஆதார் அட்டை யார் கையில் இருக்கிறது, ஊரிலிருந்து அழைத்துவந்த ஏஜென்டின் கமிஷன் யார் கணக்கில் போகிறது என்றும் கேட்பார்கள். முன்பணத்தையும் பிடித்தத்தையும் தேதி போட்டு, தொழிலாளிக்குப் புரியும் மொழியில் ஒரு நோட்டில் எழுதி, அதன் நகலை அவர் கையிலும் கொடுத்துவைக்கும் மில்லுக்கு அந்தக் கேள்வி ஒரு சுமையாக இருக்காது.