மேல்வீட்டுச் சத்தம்: ஃபோமா, ஃபால்ஸ் சீலிங்கா, மேலே ஒரு விரிப்பா?

சென்னை ஃப்ளாட்டில் குடியிருப்பவர்களிடம் மேல்வீட்டுச் சத்தத்தைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள்: நாற்காலி இழுப்பது, பிள்ளைகள் ஓடுவது, தரையில் வைத்து இஞ்சி தட்டுவது, கிரைண்டர் ஓடுவது. எல்லாமே தரையில் மோதிப் பிறக்கிற சத்தம். பேச்சு, டிவி போலக் காற்றில் வருகிற சத்தத்தை 5 அங்குல கான்கிரீட் தளம் நன்றாகவே தடுத்துவிடும். ஆனால் அந்தத் தளத்தையே தட்டும்போது அது முழுக்க அதிர்கிறது. நம் வீடுகளில் டைல்ஸையும் சிமென்ட் கலவையில் நேரடியாகப் பதிக்கிறோம், நடுவில் மெத்தென்று எதுவும் கிடையாது. எதை வாங்குவதானாலும் இதை மனதில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

முதலில் ஃபோம். கூம்பு கூம்பாக இருக்கும் அந்தத் தகடுகள் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், ரெக்கார்டிங் அறைகளில் ஒட்டுவது அதற்காகத்தான். மேலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்கும் எடை அவற்றுக்கு இல்லை. தெர்மகோலும் முட்டை அட்டையும் இதே கதைதான். மலிவான ஃபோம் சட்டென்று தீப்பிடித்து நச்சுப்புகை கக்கும் என்பதால், தலைக்கு மேலே அதை ஒட்டவே வேண்டாம்.

அடுத்து, தளத்தோடு ஒட்டினாற்போல் ஒரு ஜிப்சம் போர்டு. 125 மி.மீ. கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ. 12.5 மி.மீ. போர்டு 10 கிலோகூட வராது. இதைச் சேர்ப்பதால் காதுக்கு வித்தியாசமே தெரியாது.

வழக்கமான ஃபால்ஸ் சீலிங் கொஞ்சம் தேவலை. ஆனால் அதைத் தாங்கும் இரும்புப் பட்டைகள் வழியாகவே அதிர்வு கீழே இறங்கிவிடும். போதாததற்கு ஸ்பாட் லைட்டுக்கு ஏழெட்டு ஓட்டை போட்டால் தடுத்த கொஞ்சமும் கசிந்துவிடும்.

உண்மையிலேயே வேலை செய்வது தனியாகத் தொங்கும் சீலிங். சீலிங்கைத் தாங்க ரப்பர் அல்லது ஸ்பிரிங் வைத்த ஹேங்கர் (தொங்கும் பிடிப்பு), இடைவெளியில் 50 மி.மீ. ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு), அதற்குக் கீழே இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி இரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு. சுவரோரம் சின்ன இடைவெளி விட்டு, இறுகிப்போகாத சீலன்ட்டால் அடைக்க வேண்டும். அரை அடி உயரம் போகும், செலவும் கணிசமாகக் கூடும். ஃபேன் கொக்கி கான்கிரீட்டிலேயே இருக்க வேண்டும். நீளமான ராடு போட்டு, அது இறங்கும் ஓட்டையையும் மூட வேண்டும். இவ்வளவு செய்தும் சுவர் வழியாக இறங்கும் தொம் தொம் சத்தம் கொஞ்சம் மிஞ்சும்.

அதனால் என் ஓட்டு, சத்தம் பிறக்கிற இடத்துக்கே. மேல்வீட்டு நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ், கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் பாய், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கனமான விரிப்பு. நாற்காலிச் சத்தத்துக்குச் சில நூறு ரூபாய் புஷ் செய்யும் உதவியை எந்த சீலிங்கும் செய்யாது. இதைச் சண்டையாக்காமல், "அக்கா, ஒரு நிமிஷம் கீழே வந்து கேட்டுப் பாருங்க" என்று கூப்பிட்டு, மேலே அவர் வீட்டுப் பையனை நாற்காலியை இழுக்கச் சொல்லுங்கள். தங்கள் வீட்டுச் சத்தம் கீழே எப்படிக் கேட்கிறது என்பது பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது. புஷ் வாங்கும் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டாலும் லாபம்தான். வாடகை வீடு என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சொந்த வீடு, அதன் பிறகும் தூக்கம் கெடுகிறது என்றால், படுக்கையறைக்கு மட்டும் தொங்கும் சீலிங் போடுங்கள். ஹேங்கர் வகை, ராக்வூல் தடிமன், போர்டு அடுக்கு மூன்றையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். போர்டை மூடுவதற்கு முன்னால் ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு ஹேங்கரிலும் ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு இடத்தில் வெறும் பட்டையை முடுக்கியிருந்தாலும் அதிர்வு அந்த வழியாக இறங்கிவிடும், மூடிய பிறகு கண்டுபிடிக்கவும் முடியாது.