இடது கட்டைவிரல் எங்கே? அப்பச்சியின் ரிவால்வரும் என் பிஸ்டலும்

காரைக்குடியில் எங்கள் வீட்டில் லைசென்ஸ் உள்ள கைத்துப்பாக்கி இரண்டு. அப்பச்சியிடம் கான்பூரில் செய்த .32 ரிவால்வர், தோட்டாக்கள் சுழலும் சிலிண்டரில் இருக்கும் ரகம்; என்னிடம் .32 பிஸ்டல், ஒவ்வொரு முறை சுடும்போதும் மேலே உள்ள ஸ்லைடு என்ற உறை பின்னே போய் முன்னே வரும் ரகம். தேர்தல் வந்தால் இரண்டும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். மற்ற நாட்களில் எங்களுக்குள் ஒரே வழக்குதான்: இரண்டு கையால் பிடிக்கும்போது இடது கட்டைவிரலை எங்கே வைப்பது?

ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளில் இந்தக் கேள்வியே கிடையாது, அங்கே ஒற்றைக் கைதான். 1950களின் கடைசியில் ஜாக் வீவர் என்ற அமெரிக்க ஷெரிஃப் துறைக்காரர் போட்டிகளில் இரு கையால் சுட்டு ஜெயித்த பிறகுதான் இரட்டைக் கைப்பிடி பரவியது.

ஒரு பிடியை முதலிலேயே கழித்துவிடலாம். டம்ளருக்கு டபரா மாதிரி, இடது கையைக் கைப்பிடிக்கு அடியில் ஏந்துவது. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் சுட்டதும் குழல் மேலே எகிறும். அடியில் இருக்கும் கை அதை எப்படித் தடுக்கும்?

சரி, பிஸ்டலுக்கு வருவோம். இரண்டு கட்டைவிரலும் முன்னே நீண்டு, குறியைப் பார்த்தபடி இருப்பதுதான் என் கட்சி. 1980களில் அமெரிக்கப் போட்டி வீரர்கள் ராப் லீதமும் பிரையன் ஈனோஸும் பிரபலமாக்கிய பிடி இது. விஷயம் விரலில் இல்லை, உள்ளங்கையில் இருக்கிறது. வலது கை பிடித்தது போகக் கைப்பிடியின் இடது பக்கம் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும். இடது விரலை முன்னே நீட்டினால் மணிக்கட்டு தானாக முன்பக்கம் சாயும், உள்ளங்கைச் சதை அந்த இடத்தை நிரப்பும். பிடியின் பலத்தில் இடது கைக்கு 60 சதவீதம், வலது கைக்கு 40 என்று சொல்லிக்கொடுப்பார்கள். வலது கை இளகினால்தான் டிரிக்கர் விரல் சுதந்திரமாக வேலை செய்யும். இதிலும் தொல்லை உண்டு. ஸ்லைடைத் திறந்தபடி நிறுத்தும் சின்ன நெம்புகோலான ஸ்லைடு ஸ்டாப் மேல் விரல் படுத்துவிட்டால், கடைசித் தோட்டா தீர்ந்த பிறகும் ஸ்லைடு திறந்து நிற்காது. எனக்கு முதல் மாதம் முழுக்க இதே கதை. துப்பாக்கியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பச்சி வலது கட்டைவிரலை மடக்கி, அதன் நகத்தின் மேல் இடது விரலைப் போட்டு அழுத்துவார். பிஸ்டலில் இப்படிப் பிடித்தால் ஆபத்தில்லை, உள்ளங்கை கொஞ்சம் விலகும், அவ்வளவுதான். ரிவால்வருக்கோ இதுதான் சரி. சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. சுடும்போது கொதிக்கும் வாயுவும் ஈயத் துணுக்கும் அதன் வழியே பக்கவாட்டில் பீய்ச்சும். என் பாணியில் நீட்டிய விரல் அங்கே போய் நின்றால் பொசுங்கும். அதிக சக்தியுள்ள தோட்டா போடும் பெரிய மேக்னம் ரகங்களில் விரலுக்கே சேதம்.

கூடவே கூடாத பிடி ஒன்று உண்டு: இடது விரலை வலது கையின் பின்பக்கம் குறுக்கே போடுவது. துப்பாக்கியின் பின்னால் உள்ள சுத்தியலை (ஹேமர்) இழுக்க வசதி என்று ரிவால்வர்காரர்கள் சிலருக்கு இந்தப் பழக்கம். பிஸ்டலில் ஸ்லைடு பின்னே பாய்ந்து அந்த விரலைக் கிழிக்கும். கிளப் பிஸ்டலில் அப்பச்சி ஒரே ஒரு முறை அப்படிப் பிடித்தார். வேட்டி நுனியைக் கிழித்துக் கட்டு போட வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு பிஸ்டல் பற்றி அவர் பேசுவதில்லை. ஆனால் ரிவால்வர் காலிதான் என்று இருவரும் தனித்தனியே பார்த்த பிறகு நான் அதைக் கையில் எடுத்தால், ஊஞ்சலிலிருந்தே குரல் வரும்: “தம்பி, விரலை மடக்கு.”